டைல்ஸ் முதலா, வார்ட்ரோப் முதலா: எங்கள் பெட்ரூம் வேலையை எடுத்த இன்டீரியர் கம்பெனி எப்படி?

கை வேலைக்கு ஐந்துக்கு நாலரை தாராளமாகப் போடலாம். எந்த வேலைக்கு அப்புறம் எந்த வேலை என்று திட்டம் போட்ட லட்சணத்துக்கு இரண்டுக்கு மேல் போட மனசு வரவில்லை. கம்பெனி பெயரைப் போடவில்லை. மேற்கு மாம்பலம், அசோக் நகர், கோடம்பாக்கம் பக்கம் இந்த மாதிரி "எல்லாம் நாங்களே பார்த்துக்குவோம்" கம்பெனிகள் தெருவுக்கு ஒன்று இருக்கின்றன, நான் பார்த்த குறை இவர்களுக்கு மட்டுமே உள்ளதும் இல்லை. நீங்கள் யாரிடம் வேலை கொடுத்தாலும் இதைப் படித்துவிட்டுக் கொடுங்கள்.

வீடு தொண்ணூறுகளில் கட்டிய அபார்ட்மெண்ட், இரண்டாவது மாடி. அந்தக் காலத்துச் சென்னை ஃபிளாட் எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும்: மொசைக் தரை, சுவருக்குள்ளே கடப்பா கல் தட்டு போட்ட அலமாரி, மேலே 7 அடி உயரத்தில் கான்கிரீட் பரண். இரண்டு பெட்ரூம். பெரிய ரூமுக்கு 4க்கு 2 அடி விட்ரிஃபைடு டைல்ஸ், சின்ன ரூமுக்கு மரப்பலகை மாதிரித் தெரியும் எஸ்பிசி தரை. இரண்டிலும் பரணுக்குக் கீழே புது வார்ட்ரோப், பரணுக்குக் கதவு. கம்பெனிக்காரர்கள் கொடுத்த கொட்டேஷன் சுத்தமாக இருந்தது, எதற்கு எவ்வளவு என்று பிரித்துக் காட்டியிருந்தார்கள், கூடவே ஒரு வேலை அட்டவணையும் கொடுத்தார்கள். எலக்ட்ரிக்கல், தரை, பட்டி, பிரைமர், வார்ட்ரோப், கடைசிப் பெயிண்ட். இரண்டு ரூமுக்கும் அதே வரிசை, வரி மாறாமல். பிரச்சினை அங்கேதான் ஆரம்பித்தது.

டைல்ஸ் போடும் ரூமுக்கு அந்த வரிசை சரி. முதலில் சுவருக்குச் சுவர் டைல்ஸ், அதன் மேல் வார்ட்ரோப். என் தம்பி மட்டும் "கப்போர்டுக்கு அடியில் எதுக்கு அக்கா டைல்ஸ், யார் பார்க்கப் போறாங்க" என்று கேட்டுக்கொண்டே இருந்தான். கணக்குப் போட்டுப் பார்த்தோம். வார்ட்ரோப் 8 அடி அகலம், 2 அடி ஆழம், ஆக 16 சதுர அடி. டைல்ஸ் சதுர அடிக்கு 85 ரூபாய், கூலி 40 ரூபாய், மொத்தம் 2,000 ரூபாய். இந்த 2,000 ரூபாயை மிச்சம் பிடித்தால் என்ன ஆகும்? வார்ட்ரோப் பழைய மொசைக் மேல் நிற்கும், டைல்ஸ் அதன் முன்னால் வந்து முட்டும். டைல்ஸ்காரர் ஈரச் சிமெண்டும் பசையும் தண்ணீரும் வைத்துக்கொண்டு புது பிளைவுட் பக்கத்திலேயே கட்டிங் மிஷினை ஓட்டுவார். அந்தத் தூசி சேனலுக்குள்ளும் ஹிஞ்சுக்குள்ளும் போய் உட்காரும். தினம் மாப் போடும் தண்ணீர் டைல்ஸ் ஓரத்திலிருந்து உள்ளே இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். பத்து வருஷம் கழித்து வார்ட்ரோப் அளவை மாற்ற நினைத்தால் கீழே பல்லிளிக்கும், அதே டைல்ஸ் அப்போது கிடைக்கவே கிடைக்காது. டைல்ஸ் செய்யும் குஜராத் ஊரான மோர்பியில் ஒரு டிசைனை நிறுத்திவிட்டால் நிறுத்தியதுதான். இந்த விஷயத்தில் கம்பெனி சொன்னதே சரி, தம்பியையும் அவர்களே சமாதானப்படுத்திவிட்டார்கள்.

இன்னொரு பாராட்டும் உண்டு. மொசைக்கை உடைக்க வேண்டாம், அதன் மேலேயே டைல்ஸ் ஒட்டலாம் என்று அவர்களேதான் சொன்னார்கள். உடைத்தால் அவர்களுக்கு இன்னும் கொஞ்சம் பில் வந்திருக்கும். ஒரு கொத்தனார் வந்து ரூம் முழுக்கத் தட்டிப் பார்த்தார், பொள்ளலாகச் சத்தம் வந்த ஒன்றிரண்டு இடத்தை மட்டும் கொத்தி எடுத்துச் சிமெண்ட் போட்டு நிரப்பினார், மீதிப் பாலிஷை மிஷின் வைத்துச் சுரண்டிச் சொரசொரப்பாக்கினார், பழைய தரை மேல் ஒட்டுவதற்கென்று வரும் பசையைத்தான் போட்டார். வெறும் சிமெண்ட் பாலில் ஒட்டுகிறேன் என்று யாராவது சொன்னால் விட்டுவிடாதீர்கள், வழுவழுப்பான மொசைக் மேல் அது பிடிக்காது. உடைக்காததால் மூட்டை மூட்டையாகக் கல்லை மாடிப்படியில் இறக்கும் வேலையும் இல்லை, கீழ் வீட்டு மாமா வந்து சண்டை போடவும் இல்லை. டைல்ஸ் வேலை அருமை. 2 மில்லி ஸ்பேசர் வைத்து, கோடு நூல் பிடித்தமாதிரி வந்திருக்கிறது.

ஆனால் பழைய தரை மேல் டைல்ஸ் ஒட்டினால் தரை உயரும். டைல்ஸ் 9 மில்லி, பசை 5 மில்லி, சேர்த்து 14 மில்லி. இது டைல்ஸ்காரருக்குத் தெரியும், சூப்பர்வைசருக்குத் தெரியும். வார்ட்ரோப் அளவெடுக்க வந்தவருக்கு யாரும் சொல்லவில்லை. அவர் டைல்ஸ் போடுவதற்கு முன்பே வந்து மொசைக்கிலிருந்து பரண் அடி வரைக்கும் டேப் பிடித்து அளந்து எழுதிக்கொண்டு போய்விட்டார். அவர்களுடைய பேக்டரியில் வார்ட்ரோப் பெட்டி செய்து வர நாலைந்து வாரம் ஆகும், அதனால் முன்னாடியே அளவு கொடுத்தால் நேரம் மிச்சம் என்று கணக்கு. பெட்டி வந்து இறங்கிய அன்று பரணுக்கு அடியில் தள்ளிப் பார்த்தால் போகவில்லை. கார்பெண்டர் குனிந்து பார்த்துவிட்டு, "நாலரை நூல் இடிக்குது மேடம்" என்றார். ஒரு நூல் என்பது அரைக்கால் அங்குலம், மூன்று மில்லிக்குக் கொஞ்சம் மேல். நாலரை நூலைப் பெருக்கிப் பார்த்தால் சொல்லி வைத்தமாதிரி அதே 14 மில்லி.

நல்லவேளை, பெட்டிக்கு அடியில் திருகி ஏற்றி இறக்கும் பிளாஸ்டிக் கால்கள் இருந்தன. அவற்றை முழுக்க இறக்கி எப்படியோ உள்ளே நிறுத்திவிட்டார். அப்புறம் கீழே முன்பக்கம் மாட்டும் ஸ்கர்ட்டிங் பலகை உயரம் அதிகமாகிவிட்டது, அதை அங்கேயே மிஷினில் அறுத்தார். பேக்டரியில் எட்ஜ் பேண்டிங், அதாவது பிளைவுட் ஓரத்தை மூடும் பட்டை, ஒட்டி வந்த ஓரம் போய், மூடாத வெறும் பிளைவுட் ஓரம் தரையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது, அதாவது மாப் தண்ணீர் படும் இடத்தில். சூப்பர்வைசர் "ஒண்ணும் ஆகாது மேடம், சிலிக்கான் அடிச்சுடறோம்" என்றார். ஒன்றும் ஆகாத இடத்துக்கு எதற்காக எட்ஜ் பேண்டிங் என்று தனி வரி போட்டுக் கொட்டேஷனில் காட்டினீர்கள் என்று கேட்டேன். பதில் இல்லை.

இதற்கு மருந்து ரொம்பச் சுலபம், செலவும் கிடையாது. வேலை ஆரம்பிக்கிற அன்று ரூம் சுவர் முழுக்க ஒரு மட்டக்கோடு போட வேண்டும். தண்ணீர் டியூப்பிலோ லேசர் வைத்தோ, போடப்போகும் தரையின் மேல்மட்டத்திலிருந்து சரியாக 1 மீட்டர் உயரத்தில். இன்றைக்கு இருக்கும் தரையிலிருந்து அளக்கக் கூடாது, அதுதான் விஷயம். டைல்ஸ்காரர், கார்பெண்டர், எலக்ட்ரீஷியன், கதவு சீவுபவர், எல்லாரும் அந்தக் கோட்டிலிருந்துதான் அளக்க வேண்டும். பழைய மேஸ்திரிகள் யாரும் சொல்லாமலே இதைச் செய்வார்கள். இவர்களிடம் லேசர் கருவி இருந்தது, ஃபால்ஸ் சீலிங்குக்கு மட்டும் எடுத்தார்கள். இன்னும் நல்லது, கடைசி அளவை டைல்ஸ் முடிந்தபின் எடுப்பது. நாலு வாரம் காத்திருக்க வேண்டியிருக்கும், பரவாயில்லை, அந்த நேரத்தில் பட்டி காயட்டும்.

டைல்ஸ் ரூமில் இன்னொரு கோளாறு, சின்னதுதான், ஆனால் தினமும் கண்ணில் படுகிறது. தரை முடித்த கையோடு சுவரைச் சுற்றி 4 இன்ச் ஸ்கர்ட்டிங் டைல்ஸையும் ஒட்டிவிட்டார்கள், வார்ட்ரோப் நிற்கப்போகும் சுவர் உட்பட. பெட்டி இப்போது சுவரைத் தொட முடியாமல் ஸ்கர்ட்டிங் மேல் முட்டி நிற்கிறது, பக்கவாட்டில் மேலிருந்து கீழ்வரை ஒரு விரல் கனத்துக்கு இடைவெளி. "முன்னாடியே சொல்லியிருந்தா பின்பக்கத்துல ஒரு வெட்டு விட்டு செஞ்சிருப்போம்" என்றார் கார்பெண்டர். அவரைக் குறை சொல்ல முடியாது, வார்ட்ரோப் மேல் ஒட்டிய அதே மைக்காவில் ஒரு பட்டை செய்து அந்த இடைவெளியை மூடிக் கொடுத்தார், பார்க்க மோசமில்லை. வார்ட்ரோப் வரும் சுவரில் மட்டும் ஸ்கர்ட்டிங்கை நிறுத்தி வைத்திருந்தால், பெட்டி மாட்டியபின் அதன் பக்கம் வரைக்கும் ஒட்டி முடித்திருக்கலாம். டைல்ஸ்காரர் இன்னொரு தடவை வரவேண்டும், அதற்குச் சோம்பல்.

இனி சின்ன ரூம். இங்கேதான் நான் வேலையை நிறுத்தினேன்.

எஸ்பிசி என்பது கல் தூளும் பிளாஸ்டிக்கும் கலந்து அழுத்திய பலகை. எங்களுடையது 5 மில்லி, அடியில் 1 மில்லி ஃபோம் ஒட்டியே வந்தது. ஒன்றுக்குள் ஒன்று க்ளிக் என்று பூட்டிக்கொள்ளும், தரையில் பசை போட்டு ஒட்டுவதில்லை, ஆணி அடிப்பதில்லை, பாய் விரித்தமாதிரி சும்மா கிடக்கும். சூட்டுக்கு விரியும், குளிருக்குச் சுருங்கும், அதற்காகத்தான் நாலு சுவர் ஓரத்திலும் இடம் விடச் சொல்கிறார்கள். எங்கள் பலகையோடு வந்த தாளில் 8 மில்லி என்று போட்டிருந்தது. அதே தாளில் இன்னொரு வரியும் இருந்தது: தரையோடு பொருத்தும் கப்போர்டுகளை இந்தப் பலகை மேல் நிறுத்த வேண்டாம் என்று. துணியும் பட்டுப்புடவையும் போர்வையும் நிரப்பிய 6 அடி வார்ட்ரோப் என்ன எடை இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். அதைத் தரையின் ஒரு ஓரத்தில் ஏற்றிச் சுவரோடு ஸ்க்ரூவும் போட்டுவிட்டால் அந்தப் பக்கம் பலகை அசைய வழியில்லை. விரிய வேண்டியதெல்லாம் எதிர்ப்பக்கம்தான் விரிய வேண்டும். அங்கேயும் கனமான கட்டில் இருந்தால் நடுவில் தூக்கும், இல்லை பூட்டு விட்டு இடைவெளி தெரியும்.

சூப்பர்வைசர் ஒத்துக்கொள்ளவில்லை. "எஸ்பிசி லேமினேட் மாதிரி இல்ல மேடம், தண்ணி குடிக்காது, உப்பாது, நாங்க எத்தனையோ வீட்டுல தரை போட்டுட்டு மேல வார்ட்ரோப் வெச்சிருக்கோம்." பாதி உண்மை. லேமினேட் பலகைக்குள் இருப்பது மரத்தூள் அட்டை, சென்னைக் காற்றின் ஈரத்துக்கே அது வேலை காட்டும், எஸ்பிசி அந்த அளவுக்கு இல்லை. ஆனால் தண்ணீருக்கு அசையாதது வெயிலுக்கும் அசையாது என்று அர்த்தமில்லை. எங்கள் சின்ன ரூம் ஜன்னல் மேற்குப் பார்த்தது, மே மாதம் மூன்று மணிக்குத் தரையில் கால் வைக்க முடியாது. கம்பெனி வாரண்டி என்று தருவதில் போடும் முறை தவறினால் செல்லாது என்று ஒரு வரி எப்போதும் இருக்கும், அதைப் படித்துக் காட்டியதும்தான் ஆள் இறங்கி வந்தார். ஆக இந்த ரூமுக்கு வரிசை தலைகீழ்: முதலில் வார்ட்ரோப், மொசைக் மேலேயே நேராக. பிறகு கடைசிப் பெயிண்ட். அதற்கும் பிறகு எஸ்பிசி, வார்ட்ரோப் வரைக்கும்.

இதில் ஓரத்து இடைவெளியை எப்படி மறைப்பது என்று யோசிக்க வேண்டியிருந்தது. அந்தக் காலத்தில் செங்கல் வைத்து 4 இன்ச் மேடை கட்டி அதன் மேல் கப்போர்டு நிறுத்துவார்கள், மேடை இருந்தால் பலகையை அதுவரை விட்டு எல் பட்டை அடிக்க வேண்டும், கொஞ்சம் தடிப்பாகத் தெரியும். கார்பெண்டர்தான் நல்ல வழி சொன்னார். கால்களைக் கொஞ்சம் உள்ளே தள்ளி வைத்துவிட்டார். எஸ்பிசி பலகை வார்ட்ரோப் முன்விளிம்பைத் தாண்டி இரண்டு இன்ச் உள்ளே போய் நிற்கிறது, காலைத் தொடவில்லை, இடைவெளி அந்த இருட்டில் இருக்கிறது. முன்னால் க்ளிப்பில் மாட்டும் ஸ்கர்ட்டிங் பலகை அதை மறைக்கிறது. அந்தப் பலகையும் தரையை அழுத்தாமல் ஒரு காகிதம் நுழையும் அளவுக்கு மேலே நிற்கிறது. வார்ட்ரோப் கதவு கீழே 6 மில்லி தரை ஏறும் என்று கணக்குப் பண்ணித்தான் செய்தார்கள், பெரிய ரூமில் பட்ட அடி இங்கே உதவியது. இப்படி ஒரு முடிவை யோசித்துச் சொல்லும் கார்பெண்டரை வைத்துக்கொண்டு, திட்டம் போடும்போது அவரை ஏன் ஆபீசில் கூப்பிட்டு உட்கார வைக்கவில்லை என்பது எனக்கு இன்னும் புரியவில்லை.

பில்லிலும் ஒரு வேடிக்கை. ரூம் 11க்கு 10, 110 சதுர அடி. வார்ட்ரோப் இடம் 12 சதுர அடியைக் கழித்தால் 98. வார்ட்ரோப் அடியில் போகும் ஓரத்துக்கு இன்னும் ஒன்று சேர்த்தாலும் 99. அவர்கள் 110க்கே போட்டிருந்தார்கள், அதற்கு மேல் வேஸ்டேஜ் தனி. கேட்டதும் திருத்திக் கொடுத்தார்கள், முகம் சுளிக்கவில்லை, ஆனால் கேட்டால்தான்.

எஸ்பிசிக்கு முன்னால் தரை மட்டம் பார்ப்பது முக்கியம், இதை அவர்கள் ஒழுங்காகச் செய்தார்கள். 6 அடி அலுமினிய மட்டப்பலகையை இழுத்துப் பார்த்து ஜன்னல் பக்கம் ஒரு பள்ளத்தை நிரப்பினார்கள், காய விட்டார்கள். பள்ளத்தின் மேல் க்ளிக் பலகை போட்டால் நடக்கும்போது அமுங்கி அமுங்கிப் பூட்டு உடையும்.

கரையானுக்கு மருந்து அடிப்பதையும் தரைக்கு முன்னால் முடிக்க வேண்டும். சுவரும் தரையும் சேரும் மூலையில் அடிக்கு ஒன்று என்ற கணக்கில் துளை போட்டு மருந்து ஏற்றுவார்கள், புது டைல்ஸில் யார் துளை போட விடுவார்கள்? அட்டவணையில் இது இல்லவே இல்லை, நானாகத் தனி ஆள் வைத்துச் செய்தேன். மாடியில் எதற்குக் கரையான் மருந்து என்று கேட்பவர்கள், பழைய கடப்பா அலமாரியைப் பிரித்தபோது எலக்ட்ரிக் பைப் வழியாக மண் கோடு மேலே ஏறியிருந்ததைப் பார்த்திருக்க வேண்டும். ஏசி பைப், வார்ட்ரோப் உள் விளக்கு, கட்டில் பக்கத்து பிளக், இதெல்லாம் முதல் வாரத்திலேயே சுவர் வெட்டிப் பூசி முடித்தார்கள், அதில் குறையில்லை.

பெயிண்டர் நல்ல ஆள். பிரைமரும் முதல் கோட்டும் வார்ட்ரோப் வருவதற்கு முன், கடைசிக் கோட்டு வார்ட்ரோப் மாட்டியபின். பட்டி தேய்க்கும் தூசி புதுப் பெட்டிக்குள் போகாமல் இருக்க இதுதான் முறை. ஐப்பசி மழையில் வேலை வைத்துக்கொண்டால் பட்டி காய்வதற்குள் நமக்குப் பொறுமை போய்விடும், நாங்கள் பொங்கல் கழித்து ஆரம்பித்தது நல்லதாகப் போயிற்று.

சாமான்கள் பற்றி: பெட்டிக்கு 18 மில்லி மரைன் பிளைவுட், ஐஎஸ் 710 முத்திரையோடு. கார்பெண்டர்கள் "செவன் டென்" என்று சொல்வது இதைத்தான். சட்டருக்கு, அதாவது கதவுக்கு, 1 மில்லி மைக்கா, சாஃப்ட் க்ளோஸ் ஹிஞ்ச். பலகை வந்து இறங்கும்போது முத்திரையைப் பார்க்க விட்டார்கள், மறைக்கவில்லை. விலை முன்பக்க சதுர அடிக்கு 1,450 ரூபாய். பெரிய ரூமில் பரண் கதவோடு சேர்த்து 72 சதுர அடி, 1,04,400 ரூபாய், அதற்கு 18 சதவீத ஜிஎஸ்டி 18,792 ரூபாய். மலிவு என்று சொல்ல முடியாது. நேரம் இருப்பவர்கள் பெரியமேடு சைடன்ஹாம்ஸ் ரோட்டில் பிளைவுட்டும் மைக்காவும் தாங்களே வாங்கி, வீட்டிலேயே ஆசாரி வைத்துச் செய்தால் குறையும். வீட்டில் செய்வதில் இன்னொரு லாபம், ஆசாரி போட்ட தரையைப் பார்த்து அளந்து செய்வார், நாலரை நூல் கதையெல்லாம் வராது. ஆனால் அத்தனை நாளும் வீடு முழுக்க மரத்தூளும் பெவிகால் வாசனையும்தான். வயசானவர்கள் இருக்கும் வீட்டில் பேக்டரி வேலைதான் வசதி, அதற்காகத்தான் இவர்களிடம் போனோம்.

இவர்களிடம் மறுபடி கொடுப்பேனா என்றால், ஹாலுக்குக் கொடுப்பேன், ஆனால் கையெழுத்துப் போடுமுன் அட்டவணையை ரூம் வாரியாகத் தனித்தனியாக எழுதித் தரச் சொல்வேன். தரை எந்த வகை, முடிந்தபின் எத்தனை மில்லி ஏறும், வார்ட்ரோப் கடைசி அளவு எந்தத் தேதியில், யார் எடுப்பார்கள், ஸ்கர்ட்டிங் எப்போது. டைல்ஸ், கிரானைட், ஒட்டும் தரை எதுவானாலும் தரை முதலில். க்ளிக் பூட்டுத் தரையானால் வார்ட்ரோப் முதலில். இதைக் கேட்டதும் தடுமாறும் சூப்பர்வைசர் வந்தால், அவரோடு வரும் கார்பெண்டரிடம் கேளுங்கள், அவருக்குத் தெரிந்திருக்கும்.

பணத்தைத் தவணையாகப் பிரித்தது நல்லதாயிற்று. முன்பணம் 50, சாமான் வந்ததும் 40, முடிந்ததும் 10 சதவீதம். பெரிய ரூமில் அறுத்த அந்த ஸ்கர்ட்டிங் பலகைக்குச் சிலிக்கான் வேண்டாம், நாலு பக்கமும் பேண்டிங் ஒட்டி சரியான உயரத்தில் புதிதாகச் செய்து கொண்டுவாருங்கள், கடைசி 10 சதவீதம் அப்போது என்று சொல்லிவிட்டேன். கொஞ்ச நாள் போன் எடுக்கவில்லை. அப்புறம் கொண்டுவந்து மாட்டினார்கள், பார்த்துவிட்டு அங்கேயே ஜிபே செய்தேன்.